மலையேறிய மோட்டார்கள்: பந்தய ஓட்டுநர்களும் பேராக் மலைச் சாலைகளும்

தைப்பிங் நகரின் அடிவாரத்திலிருந்து மெக்ஸ்வெல் மலைக்கு ஏறும் சாலையில் 72 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். இன்று புக்கிட் லாருட் என்று அழைக்கப்படும் இம்மலைக்குப் பழைய லேண்ட் ரோவரில் ஏறிய பேராக் மக்கள் அந்தப் பயணத்தை மறந்திருக்க மாட்டார்கள். வளைவுக்கு வளைவு கியர் மாறும், வண்டி முனகும், மூடுபனி முகத்தில் படும். ஓட்டுநர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் வண்டியைத் திருப்புவார்.

மலைச் சாலையில் வண்டியை ஏற்றும் இந்தத் திறமை உலகின் பல நாடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு பந்தய விளையாட்டாகவே இருந்து வருகிறது. அதில் வென்றவர்களின் பெயரும் அவர்கள் எடுத்துக்கொண்ட நேரமும் வினாடியின் பத்தில் ஒரு பங்குவரை பதிவாகியுள்ளன. அந்த விளையாட்டின் வரலாற்றையும், அதற்கும் நம் தோட்டப்புற மக்களுக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

மலையேற்றப் பந்தயம் என்றால் என்ன?

செப்பாங் ஓடுதளத்தில் பல கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். மலையேற்றப் பந்தயத்தில் அப்படி முந்துவதற்கு ஆளே கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். கீழே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, மேலே உள்ள கோட்டைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கிடுவார்கள். குறைந்த நேரத்தில் ஏறியவர் வெற்றியாளர். வழக்கமாக ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் உண்டு. அவற்றுள் சிறந்த நேரமே கணக்கில் சேரும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் இதில் பிழை செய்ய இடமே இல்லை. ஓடுதளத்தில் ஒரு சுற்றில் விட்டதை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம். இங்கே மொத்தப் பந்தயமும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஒரு வளைவில் சக்கரம் சற்றுச் சறுக்கினால் அன்றைய நாள் போயிற்று. புறப்படும் இடமே சரிவாக இருப்பதால், கார் பின்னோக்கி உருளாமல் இருக்கப் பின் சக்கரத்திற்கு அடியில் கட்டை வைப்பதும் உண்டு. இயந்திரத்தின் சக்தி முழுவதும் வீணாகாமல் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் காரின் எடை குறைவாகவும், டயரின் பிடிப்பு வலுவாகவும் இருப்பதே இவ்விளையாட்டின் அடிப்படை.

ஷெல்ஸ்லி வால்ஷ்: 1905 முதல்

இவ்விளையாட்டின் தாய்வீடு என்று இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயர் வட்டாரத்திலுள்ள ஷெல்ஸ்லி வால்ஷைச் சொல்லலாம். 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மிட்லண்ட் ஆட்டோமொபைல் கிளப், 1905 ஆகஸ்டு 12-ஆம் நாள் அங்கே முதல் பந்தயத்தை நடத்தியது. தோட்டமும் பண்ணையும் சூழ்ந்த குறுகிய தனியார் பாதை அது. நீளம் 1,000 கெஜம், அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு தூரத்திற்குள் பாதை ஏறத்தாழ 100 மீட்டர் உயர்ந்துவிடும்.

முதல் பந்தயத்தில் எர்னெஸ்ட் இன்ஸ்டோன் என்பவர் டெய்ம்லர் காரில் 77.6 வினாடிகளில் ஏறினார். 2008-இல் மார்ட்டின் குரோவ்ஸ் அதே மலையை 22.58 வினாடிகளில் ஏறி முடித்தார். இரு உலகப் போர்களின்போது நின்றுபோன ஆண்டுகளைத் தவிர, அன்று தொடங்கிய பந்தயம் இன்றும் அதே பாதையில் நடக்கிறது. பாதை மாறாததால் தாத்தா காலத்து நேரத்தையும் பேரன் காலத்து நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. மோட்டார் விளையாட்டில் இத்தகைய வாய்ப்பு அரிது.

பொதுச் சாலையில் விழுந்த தடை

தொடக்க காலத்தில் பிரிட்டனில் இத்தகைய பந்தயங்கள் பல பொதுச் சாலைகளிலேயே நடந்தன. மக்கள் சாலையோரம் நெருக்கியடித்து நிற்க, ஓர் அடி தள்ளி கார்கள் சீறிப் பாயும். 1925 மார்ச்சு மாதம் பக்கிங்ஹம்ஷயரின் கோப் ஹில் பந்தயத்தில் ஒரு புகாட்டி கார் பார்வையாளர் ஒருவரை மோதி அவர் காலை முறித்தது. அதன்பின், பொதுச் சாலையில் வேகப் பந்தயம் நடத்த இனி அனுமதி தருவதில்லை என்று அந்நாட்டின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் முடிவெடுத்தது.

அன்றுமுதல் அங்கே மலையேற்றப் பந்தயம் தனியார் நிலத்துப் பாதைகளுக்குள் ஒதுங்கியது. ஏற்கெனவே தனியார் பாதையாக இருந்த ஷெல்ஸ்லி வால்ஷ் தப்பிப் பிழைத்தது. குளொஸ்டர்ஷயரில் பிரெஸ்காட் என்ற மாளிகையின் பாதையை புகாட்டி உரிமையாளர் கிளப் வாங்கி 1938-இல் பந்தயத்தைத் தொடங்கியது. பழைய கார்களைக் காப்பதற்காக 1934-இல் அமைந்த விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இவ்விரு மலைகளிலும் இன்றும் பந்தயம் நடத்துகிறது. ‘விண்டேஜ்’ என்ற சொல்லை நாம் பழைய கார் எதற்கும் பயன்படுத்துகிறோம். அந்தக் கிளப்பின் கணக்கில் 1930-ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரான கார்களே அத்தகுதியைப் பெறும்.

பெயர் பெற்ற ஓட்டுநர்கள்

1920-களில் ஷெல்ஸ்லி வால்ஷின் நாயகன் பேசில் டேவன்போர்ட். ‘ஸ்பைடர்’ என்று பெயரிட்ட அவரது கார், ஜி.என். நிறுவனத்தின் மெலிந்த சட்டத்தின் மேல் இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி, சைக்கிளைப் போலச் சங்கிலியால் பின் சக்கரங்களைச் சுழற்றியது. பார்ப்பதற்குத் தகரக் கூடு போல் இருந்த அந்த வண்டி பெரிய நிறுவனங்களின் கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது.

1930-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்டக் ஆஸ்ட்ரோ டெய்ம்லர் காருடன் வந்து 42.8 வினாடிகளில் ஏறி டேவன்போர்ட்டின் சாதனையை முறியடித்தார். ஐரோப்பிய மலைகளிலும் தொடர்ந்து வென்ற ஸ்டக்கை ‘மலை மன்னன்’ என்றே அழைத்தார்கள். அடுத்து வந்தவர் ரேமண்ட் மேஸ். 1924-இல் வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லி மலையில் ஏறும்போது இவரது புகாட்டியின் பின் சக்கரம் கழன்று தனியே பறந்தது. அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம் மோட்டார் பந்தய வரலாற்றில் மிகவும் பேசப்பட்டது. அதே மேஸ்தான் பின்னர் இ.ஆர்.ஏ. பந்தயக் கார் நிறுவனம் அமையக் காரணமாக இருந்தார். 1935-இல் ஷெல்ஸ்லி வால்ஷை 40 வினாடிகளுக்குள் ஏறினார். 1947-இல் பிரிட்டிஷ் மலையேற்றச் சாம்பியன் போட்டி தொடங்கியபோது முதல் இரண்டு ஆண்டுகளும் பட்டம் அவருக்கே போனது. 1951 முதல் 1954 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றவர் கென் வார்ட்டன். அவர் 1957-இல் நியூசிலாந்து பந்தயம் ஒன்றில் உயிரிழந்தார்.

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஸ்டெர்லிங் மோஸும் மலையில்தான் தொடங்கினார். 1948-இல், 18 வயதில், சிறிய கூப்பர் 500 காருடன் பிரெஸ்காட்டில் போட்டியிட்டார். செலவு குறைவு, தூரம் குறைவு, வேறு கார் வந்து மோதும் ஆபத்து இல்லை என்பதால் இளைஞர்கள் பலருக்கு மலையேற்றம் முதல் படியாக அமைந்தது.

14,000 அடி உயரத்தில்

ஒரு நிமிடத்தில் முடியும் பிரிட்டிஷ் மலைகளுக்கு நேர்மாறானது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் பீக். 1916-இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. தூரம் சுமார் 20 கிலோமீட்டர், வளைவுகள் 156, முடியும் இடத்தின் உயரம் 14,115 அடி. முதல் ஆண்டில் ரியா லென்ட்ஸ் 20 நிமிடம் 55.6 வினாடிகளில் ஏறி வென்றார்.

இங்கே ஓட்டுநருக்கும் இயந்திரத்திற்கும் மூச்சு வாங்கும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. காற்று குறைந்தால் எரிபொருள் எரிவதும் குறையும். உச்சியை நெருங்கும்போது சாதாரண இயந்திரம் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் இழந்துவிடும். 1985-இல் பிரான்சின் மிஷேல் மூட்டோன் ஆடி குவாட்ரோ காரில் புதிய சாதனை படைத்து, இவ்விளையாட்டு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்று காட்டினார். அப்போது பாதை மண்ணும் சரளையுமாக இருந்தது. 2011-இல்தான் முழுப் பாதைக்கும் தார் போட்டு முடித்தார்கள். 2018-இல் ரொமேன் டூமாஸ் ஃபோக்ஸ்வேகனின் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57.148 வினாடிகளில் உச்சியை அடைந்தார். மின் மோட்டாருக்குக் காற்று தேவையில்லை என்பது அவ்வெற்றிக்கு ஒரு காரணம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் வந்த பந்தயம்

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இவ்விளையாட்டும் போனது. தமிழர்களுக்கு மிக நெருக்கமான மலையேற்றப் பந்தயம் இலங்கையின் நுவரெலியாவில் உள்ளது. மகாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்துச் சாலையில் 1934-இல் தொடங்கிய இப்பந்தயம் அந்நாட்டு மோட்டார் விளையாட்டில் மிகப் பழமையான ஒன்று. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்துகிறது. அருகிலுள்ள ரதல்ல தோட்டப் பகுதியிலும் இத்தகைய பந்தயம் உண்டு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் மாதக் கொண்டாட்டக் காலத்தில், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி ஆகியவற்றோடு மகாகஸ்தோட்டைப் பந்தயமும் சேர்ந்துகொள்ளும்.

தோட்டத்துச் சாலையைத் தேர்ந்தெடுத்தது இயல்பானது. தோட்டச் சாலை கம்பெனிக்குச் சொந்தம். துரையின் சம்மதம் இருந்தால் பொதுப் போக்குவரத்தை நிறுத்தாமலே பந்தயம் நடத்தலாம். வளைந்து வளைந்து ஏறும் பாதையும் ஏற்கெனவே அங்கே இருந்தது. கொழுந்துக் கூடையையும் லோரியையும் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்க்கப் போட்ட பாதை அது. மலையகத் தோட்டங்களில் காடழித்து, பாறை உடைத்து, பாதை வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களின் கைகள். பந்தயத்தை நடத்திய 1930-களின் சங்கங்களில் அத்தொழிலாளிக்கு இடமில்லை. சரிவில் நின்று வேடிக்கை பார்க்க மட்டும் இடம் இருந்தது.

மலாயாவும் சிங்கப்பூரும்

நம் வட்டாரத்தில் 1950-களில் சிங்கப்பூரின் தென் புவனா விஸ்தா சாலையிலுள்ள ‘கேப்’ என்ற ஏற்றத்தில் மலையேற்றப் பந்தயங்கள் நடந்தன. 1961-இல் தோம்சன் சாலையில் கிராண்ட் பிரீ தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகள் அதுவே மலேசிய கிராண்ட் பிரீ என்ற பெயரிலும் நடந்தது. 1968-இல் பத்து தீகா ஓடுதளமும் 1999-இல் செப்பாங்கும் வந்தபின், பந்தயம் என்றாலே மூடிய ஓடுதளம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் தோட்டச் சாலையை மோட்டார் விளையாட்டு முற்றாகக் கைவிடவில்லை. ஜொகூரில் நடந்த மலேசிய ரேலி போட்டிகள் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில்தான் ஓடின. அத்தகைய பாதைகளில் பழகிய நம் நாட்டின் கரம்ஜித் சிங், 2002-இல் புரோட்டோன் காரை ஓட்டி உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவில் சாம்பியன் ஆனார்.

தமிழர் பெயர்களும் பின்னாளில் இத்துறையில் வந்தன. கோயம்புத்தூரின் கரிவரதன், இந்தியாவில் குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கிப் பல இளைஞர்களுக்கு வழி திறந்தார். அதே ஊரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு செப்பாங்கிலும் அவர் ஓடினார்.

டயரும் பால்மரமும்

மலையேற்றத்தில் வெற்றியை முடிவு செய்வது டயரின் பிடிப்பு என்று மேலே குறிப்பிட்டோம். 1930-களின் ஓட்டுநர்கள் இதற்காகப் பின்புறம் இடத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்களைப் பொருத்தினார்கள். ரேமண்ட் மேஸின் கார்களில் இந்த இரட்டைச் சக்கரங்களைப் பழைய படங்களில் பார்க்கலாம். அன்றைய டயர்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. செயற்கை ரப்பர் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான்.

அந்த ரப்பரின் கதை பேராக்கோடு பின்னிப் பிணைந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் நாற்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அன்றைய மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளில் மோட்டார் கார் பெருகியது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள்.

விடிவதற்குள் எழுந்து, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து, ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தார்கள். அது உறைந்து, உருளையில் நசுங்கி, புகைக்கூடத்தில் காய்ந்து, ஷீட்டாகக் கப்பலேறியது. அக்காலத்தில் உலகின் ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போனது. ஆகவே, ஷெல்ஸ்லி வால்ஷில் சாதனை படைத்த கார்களின் டயரில் நம் தோட்டத்து ரப்பரும் கலந்திருந்தது என்று நினைப்பதில் மிகையில்லை.

பேராக்கின் மலை ஓட்டுநர்கள்

பேராக்கில் வண்டி ஏறும் மலைச் சாலைகள் இரண்டு பெயர் பெற்றவை. ஒன்று தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை. 1930-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட இச்சாலை வழியாகத்தான் தேயிலையும் காய்கறியும் கீழே இறங்கின. தோட்டத் தொழிலாளர்களும் சரக்கும் மேலே ஏறினர். மற்றொன்று மெக்ஸ்வெல் மலைச் சாலை. 1884-இல் அமைந்த இந்த மலை வாசத்தலத்திற்கு மக்கள் நெடுங்காலம் நடந்தும் குதிரையிலும் பல்லக்கிலும் போனார்கள். மோட்டார் சாலை 1948-இல்தான் முடிந்தது. லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமானதும் அதே ஆண்டில்தான்.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம் கொண்ட பாதை அது. அதனால் ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் குறித்த நேரத்தில் புறப்பட்டு, பாதி வழியில், முன்பு தேயிலைத் தோட்டம் இருந்த இடத்தில், ஒன்றையொன்று கடந்தன. மலேசியாவிலேயே மழை மிகுந்த வட்டாரங்களில் தைப்பிங்கும் ஒன்று. நனைந்த சாலை, உதிர்ந்த இலை, மண்சரிவு எல்லாவற்றையும் கடந்து அந்த ஓட்டுநர்கள் நாளுக்குப் பலமுறை மலை ஏறி இறங்கினார்கள்.

தோட்டத்திற்குள்ளும் இதே கதைதான். பால் லோரி ஓட்டியவர், வெளிக்காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்றவர், துரையின் காரை ஓட்டியவர், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு டிரைவர் இருந்தார். தோட்ட மக்களுக்கு வெளி உலகத்தின் வாசல் அவர்தான். பந்தய ஓட்டுநருக்கு வேகம் வேண்டும். இவருக்கு வண்டியில் உள்ளவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். சறுக்கும் மண்ணில் எந்தக் கியரில் ஏறுவது, எங்கே வேகத்தைக் குறைப்பது என்ற கணக்கு மட்டும் இருவருக்கும் ஒன்றே. நின்று தொடங்கினால் வழுக்கும் என்று தெரிந்த ஏற்றத்தில், சீரான வேகத்தோடு நிற்காமல் ஏறிவிடுவது இருவரும் அனுபவத்தில் கற்ற பாடம்.

எழுதி வைக்க வேண்டியவை

1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிச் சில தோட்டங்களை மீட்டார். மற்றவை கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் இடிந்தபோது தோட்டத்துப் பாதையும் அழிந்தது. அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று முதிர்ந்த வயதினர்.

1905-இல் டெய்ம்லர் ஓட்டியவரின் பெயரும் 77.6 வினாடியும் இன்றும் நமக்குத் தெரிகிறது என்றால், அன்று ஒருவர் தாளில் எழுதி வைத்ததுதான் காரணம். அதையே நாமும் செய்யலாம். வீட்டில் பழைய ஓட்டுநர் இருந்தால் அவரிடம் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன வண்டி, உரிமம் எப்போது எடுத்தார், யார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், சம்பளம் எவ்வளவு, எந்த வளைவை என்ன பெயரால் அழைத்தார்கள், எந்த ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். பழைய உரிமப் புத்தகம், வண்டியோடு எடுத்த படம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, பின்னால் பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள். குரலைப் பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இடம் இருக்கும்போதே, பாதை போன வழியை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரப் பேச்சு போதும், ஒரு குடும்பத்தின் பக்கம் நிறைந்துவிடும். பல குடும்பங்களின் பக்கங்கள் சேர்ந்தால் பேராக் தோட்டப்புறத்தின் சாலை வரலாறு உருவாகும். தோட்டத்து டிரைவர்களின் பெயர்கள் இப்போதைக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நம் கடமை.